தட்சிணசித்ராவுக்கு வழிகாட்டியோடு போவதா, நாமாகவே சுற்றுவதா?

பொங்கல் விடுமுறைக்குக் கோயம்புத்தூரில் இருந்து வரப்போகும் என் நாத்தனார் போனில் கேட்டார்: "முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். கைடு வெச்சுக்கணுமா? இல்ல அது தண்டச் செலவா?" அவருக்குச் சொல்லத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனது. அந்த இடத்துக்கு நான் நான்கு முறை போயிருக்கிறேன், நான்கும் நான்கு விதம். முதல் முறை நானும் கணவரும் மட்டும், கையில் ஒரு வரைபடத்தோடு. இரண்டாம் முறை அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, முன்கூட்டியே சொல்லிவைத்த ஒரு வழிகாட்டியோடு. மூன்றாம் முறை பிள்ளைகள் மண்பாண்டம் செய்து பார்ப்பதற்காக. நான்காவதாக, துணி வடிவமைப்பு படித்த என் கல்லூரித் தோழியோடு. எது யாருக்குச் சரிப்படும் என்று இப்போது ஓரளவு தெளிவாகவே சொல்ல முடிகிறது.

தெரியாதவர்களுக்காக இடத்தைப் பற்றிக் கொஞ்சம். மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை 1984இல் டெபோரா தியாகராஜன் தொடங்கினார். அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டு மருமகளாக வந்த கலை வரலாற்று ஆய்வாளர் அவர். அந்த அமைப்பு சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் திறந்த கைவினை அருங்காட்சியகம்தான் தட்சிணசித்ரா. சுமார் 10 ஏக்கர் நிலம், தென்மாநிலங்களைச் சேர்ந்த 18 பழைய வீடுகள். இடிக்கப்பட இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, கதவும் தூணும் உத்திரமுமாகப் பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, அந்தந்த ஊர் வேலைக்காரர்களை வைத்தே திரும்பப் பொருத்திக் கட்டியிருக்கிறார்கள். வளாகத்துக்கு முதலில் வடிவம் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். பிறகு வேலையைத் தொடர்ந்தவர் பென்னி குரியாகோஸ். வீடுகளுக்குள் அந்தந்த வீட்டுக்காரர்களின் தொழிலும் வைக்கப்பட்டிருக்கிறது. நெசவாளர் வீட்டில் தறி, குயவர் வீட்டில் சக்கரம்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஓவியக் காட்சிக்கூடத்தில் பார்க்க வேண்டியது சுவரிலேயே தொங்குகிறது. கைவினை அருங்காட்சியகத்தில் நம் கண்ணில் படுவது வேலை முடிந்த பொருள். அதைச் செய்த கை, எடுத்த நாள், நடுவில் கெட்டுப்போனவை, எதுவும் கண்ணில் படாது. "பட்டு நெசவாளர் வீடு, காஞ்சிபுரம்" என்று பலகை சொல்லும். உள்ளே ஒரு தறி இருக்கும். பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம்.

முதல் முறை நாங்கள் அப்படித்தான் போனோம். 3 மணி நேரத்தில் 18 வீட்டையும் பார்த்து முடித்தோம். நல்ல பொழுதுதான், குறை சொல்ல மாட்டேன். வாரநாள் என்பதால் கூட்டமில்லை. திருநெல்வேலிச் சீமை அக்ரகார வீட்டின் ரேழியைத் தாண்டி முற்றத்தில் வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். யாராவது கூட வந்து விளக்கிக்கொண்டே இருந்திருந்தால் அந்த அரை மணி கிடைத்திருக்காது. ஒரு வீட்டின் குளிர்ச்சியும் இருட்டும் அளவும் உடம்புக்குப் புரிய, அங்கே சும்மா இருந்து பார்க்க வேண்டும். தனியாகப் போவதன் பெரிய லாபம் இதுதான்.

நஷ்டம் எவ்வளவு என்பது இரண்டாம் முறைதான் தெரிந்தது.

அன்றைக்கு வந்த வழிகாட்டி ஐம்பதைத் தாண்டியவர். வணக்கம் சொன்ன கையோடு அவர் கேட்ட முதல் கேள்வி, "அம்மாவுக்கு முட்டி வலி இருக்கா?" இருக்கிறது என்றோம். "அப்போ மூணு வீடு பார்ப்போம். பதினெட்டையும் காட்டினா ஒண்ணும் மனசுல நிக்காது" என்றார். காசு கொடுத்துவிட்டு மூன்றே வீடா என்று எனக்கு முதலில் மனம் சுருங்கியது. அரை மணி நேரத்தில் அந்த எண்ணம் போய்விட்டது.

முதலில் செட்டிநாட்டு வீடு. அம்மா தேவகோட்டைப் பக்கம் பிறந்தவர் என்று தெரிந்ததும், வழிகாட்டி தன் பேச்சை நிறுத்திக்கொண்டு, "நீங்க சொல்லுங்கம்மா, இங்க என்னென்ன நடக்கும்?" என்று கேட்டுவிட்டார். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று அம்மா நடந்துகொண்டே சொல்லத் தொடங்கினார். கல்யாணத்துக்குச் சாமான் பரப்பியது, மழைத் தண்ணீரை முற்றத்தில் அண்டாக்களில் பிடித்தது என்று எனக்கே தெரியாத கதைகள் வந்தன. அம்மா விட்ட இடத்தில் அவர் பிடித்துக்கொண்டார். செட்டிநாட்டுச் சுவர் ஏன் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது? சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறப்போட்டு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் கலந்த நீர் சேர்த்து, பூச்சு மேல் பூச்சாகப் பூசி, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்களாம். ஆத்தங்குடித் தரைக்கல் பற்றி அம்மா கேட்க, அது சூளையையே பார்க்காத கல் என்றார். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. மேல்பக்கத்தின் பளபளப்பு கண்ணாடியில் இருந்து வருகிறது. 40 வருடம் அந்தக் கல்லின் மேல் நடந்த அம்மாவுக்கு அன்றுதான் இது தெரிந்தது.

இரண்டாவது, காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு. நான் முந்தைய முறை 2 நிமிடத்தில் கடந்து போன அதே தறி. இந்த முறை முக்கால் மணி நேரம் நின்றோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கும் பட்டுப்புடவையைக் கோர்வை முறையில் நெய்ய 3 நாடா (குறுக்கு நூலை ஓட்டும் கருவி) வேண்டும்: இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, உடலுக்கு ஒன்று. ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது என்பதால் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து தன் பக்கத்து நாடாவைத் தள்ளுவார். ஒவ்வொரு முறை நாடா ஓடும்போதும் கரையின் ஊடை, அதாவது குறுக்கு நூல், உடலின் ஊடையைக் கொக்கி போலப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது. ஒரு முழுப் புடவைக்குள் இந்தப் பிடி ஆயிரக்கணக்கில் விழும். இதை வாயால் சொல்லிவிட்டு, பையில் இருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தார். முன்பக்கத்தில் கரையும் உடலும் சேரும் இடம் ஒரே துணி போல இருந்தது. அதைத் திருப்பிப் போட்டு அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் ஓட்டினார். சொரசொரவென்று, சின்னச் சின்னப் பல் வைத்தது போல ஒரு வரப்பு. "இந்தச் சொரசொரப்பு கையில தட்டுப்பட்டா கோர்வை. கண்ணை மூடிக்கிட்டே சொல்லலாம்மா" என்றார்.

அன்று மாலை கடைப்பகுதியில் அம்மா ஒரு புடவையை எடுத்தார். விலைச் சீட்டைப் பார்க்கவில்லை. முதலில் கரையைத் திருப்பி விரலை ஓட்டினார். அறுபத்தொன்பது வயதில், எத்தனையோ கல்யாணங்களுக்குப் பட்டு எடுத்தவர், இப்படிச் செய்து நான் அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்தப் புடவைக் கடைக்குப் போனாலும் அவர் கை முதலில் அங்கேதான் போகிறது.

மூன்றாவது ஒரு வீடே இல்லை. அய்யனார் குதிரைகள். முதல் முறை நாங்கள் படம் எடுத்துக்கொண்டதோடு சரி. வழிகாட்டி அங்கே பிள்ளைகளை உட்காரவைத்து, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் நடக்கும் புரவி எடுப்பைச் சொன்னார். ஊர்ப் பெரியவர் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, குதிரை செய்யும் குயவரான வேளாரிடம் கொடுப்பார். அதற்குப் பிடிமண் என்று பெயர். அதைக் கொடுத்தால்தான் வேலை தொடங்கும். குதிரையின் உள்ளே வெறுமை. கால்களை முதலில் எழுப்பி, காயவிட்டு, அதன்மேல் வயிற்றையும் கழுத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ப்பார்கள். சுடும்போது வெடிக்காமல் இருக்க அங்கங்கே துளை விட்டிருப்பார்கள். திருவிழா அன்று கண் திறந்து, ஊர்வலமாகத் தூக்கிப்போய்க் கோயிலில் வைப்பார்கள். மறுமுறை புதுக் குதிரை வரும். பழையது அங்கேயே நிற்கும்.

"அப்போ பழைய குதிரையை யாரு துடைப்பாங்க?" என்று என் மகன் கேட்டான்.

"யாரும் துடைக்க மாட்டாங்க தம்பி. மழை வரும், வெயில் வரும், காது உடையும், கால் உடையும், திரும்ப மண்ணாயிடும். அடுத்த குதிரைக்கு மண்ணு வேணும்ல?"

ஒரு பொருளைக் கெடாமல் காப்பாற்றி வைப்பதற்காகவே கட்டப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு, கெட்டுப்போவதும் அந்தக் கலையின் ஒரு பகுதி என்று ஒருவர் சொல்லிக் கேட்டது எனக்குள் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பலகையிலும் இதை எழுதிவைக்க முடியும். ஆனால் மகன் கேட்ட அந்தக் கேள்வி பலகையிடம் எழுந்திருக்காது.

வழிகாட்டி என்றால் எல்லாரும் இப்படி இருப்பார்கள் என்று நம்பிப் போய்விடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், ஓர் அருங்காட்சியகத்தில் காசு கொடுத்து அமர்த்திய வழிகாட்டி 40 நிமிடத்தில் எங்களை ஒரு டஜன் அறைகள் வழியாக ஓட்டிச் சென்றார். ராஜாக்களின் பெயரும் ஆண்டும் வரிசையாக ஒப்பித்தார். ஒரு பித்தளைத் தூக்கு விளக்கின் சங்கிலியில் ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லையே, எப்படிச் செய்தார்கள் என்று நான் கேட்டேன். "போட்டோ எடுத்துக்கோங்க மேடம், அடுத்த ஹாலுக்குப் போகணும்" என்றார். அப்படிப்பட்டவரோடு போவதைவிடத் தனியாகப் போவது எவ்வளவோ மேல். அந்த விளக்கின் முன் எனக்குப் பிடித்த அளவு நேரமாவது நின்றிருப்பேன்.

ஆகவே பதிவு செய்யும்போதே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். வருபவர் தமிழில் சொல்வாரா? பல இடங்களில் பழக்கதோஷத்தில் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிடுகிறார்கள்; பாவு, ஊடை, பன்னை என்று தறியில் ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கும்போது பாட்டிமார்கள் பேந்தப் பேந்த விழிக்க வேண்டியதில்லை. அடுத்தது, அவருக்கு எந்தக் கைவேலையோடு நெருங்கிய பழக்கம்? நெசவு தெரிந்தவர் என்றால் நெசவாளர் வீடுகளைக் கேளுங்கள், மரவேலை தெரிந்தவர் என்றால் கேரள வீடுகளைக் கேளுங்கள். கோட்டயம் புதுப்பள்ளியில் இருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் நெல் வைக்கும் அறையைச் சுற்றிப் பலகை அடைத்திருக்கும் விதத்தை, மரம் தெரிந்த ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டும். அதை நான் இன்னும் கேட்கவில்லை. நல்ல வழிகாட்டிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ஏதாவது ஒரு கேள்விக்காவது "தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்" என்பார்.

பயிற்சிக்குப் போன கதை வேறு. அங்கே தனிக் கட்டணத்தில் பிள்ளைகள் கைவேலை செய்து பார்க்கலாம். என் மகள் சக்கரத்தில் உட்கார்ந்தாள். மூன்று முறை மண் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. நான்காம் முறை அந்தக் குயவர் தன் கையை அவள் கைமேல் வைத்து, "முதல்ல மண்ணு நடுவுல நிக்கணும் பாப்பா. நடுவுல நின்னுட்டா மத்தது தானா எழும்பும்" என்று சொல்லி, வெறுமனே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் நின்றது. அவள் கட்டைவிரல் உள்ளே இறங்கியதும் ஒரு கிண்ணம் வாய் திறந்தது. கோணல் கிண்ணம்தான், இன்றைக்கும் அவள் மேசையில் பென்சில் போட்டு வைத்திருக்கிறாள். அன்று மதியம் குயவர் வீட்டுக்குள் போனபோது அவள் ஒரு பானைக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா, உள்ள விரல் கோடு சுத்திச் சுத்திப் போகுது பாரு" என்றாள். பானையின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பேன். ஆனால் ஒரு நாளின் பெரும்பகுதி ஒரே கைவேலையில் போய்விடும். சனி, ஞாயிறு கூட்டம் இருந்தால் சக்கரத்துக்கு வரிசையில் நிற்க வேண்டிவரும். வீடுகளைப் பார்க்க வேண்டும் என்று வருகிற பெரியவர்கள் அதற்குள் சலித்துப்போவார்கள்.

தோழியோடு போனதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். துறை தெரிந்த நண்பர் என்பது காசில்லாத வழிகாட்டி போலத் தோன்றும். தெலுங்கு நாட்டு இக்கத் நெசவாளர் வீட்டில் அவள் சொன்னது அத்தனையும் முத்து. நெய்த பிறகு துணியில் சாயம் ஏற்றுவது வேறு. இங்கே நூலையே கட்டுக்கட்டாக இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கி, கட்டவிழ்த்து, பிறகு தறியில் ஏற்றுகிறார்கள். நூல் இம்மியளவு நகர்ந்தாலும் பூவின் ஓரம் கலங்கும். அந்தக் கலங்கல்தான் அசலுக்கு அடையாளம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அச்சடித்த போலியில் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும், பின்பக்கம் வெளிறியிருக்கும். சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கி 1985லேயே சட்டம் வந்தும் விசைத்தறிப் போலிகள் சந்தையில் நிறைந்திருப்பதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. வளாகத்தில் உள்ள வரிஜா கலைக்கூடத்துக்குள்ளும் அவள்தான் இழுத்துப்போனாள். இன்றைய கலைஞர்களின் படைப்புகளை அங்கே மாற்றி மாற்றி வைக்கிறார்கள், முதல் மூன்று முறையும் நான் அதைத் தாண்டியே போயிருந்தேன். ஆனால் துணி இல்லாத வீடுகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விசாகப்பட்டினப் பக்கத்து வட்ட வீடு, புயல் காற்று மோதி நிற்காமல் சுற்றிப் போகும்படி கட்டியது, பக்கத்திலேயே இருந்தது. நேரமில்லாமல் போயிற்று.

போனில் தேடிப் படித்துக்கொண்டே சுற்றலாமே என்று கணவர் கேட்டார். படிக்க வேண்டியதை முதல் நாள் இரவே வீட்டில் படித்துவிட்டு வாருங்கள். அங்கே போனைப் பார்த்துக்கொண்டு நடந்தால் நிலைப்படியில் தலை இடிக்கும். பழைய வீட்டு நிலைகள் தாழ்வானவை.

இதே கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. டெல்லியில் சார்ல்ஸ் கொரியா வடிவமைத்த தேசியக் கைவினை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே காட்சிக்கூடங்களில் பொருள்கள் தொகுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கூடங்களுக்குள் வீடு என்ற சூழல் இல்லாததால் விளக்கும் ஆள் இல்லாவிட்டால் அவை இன்னும் ஊமையாகிவிடும். அங்கே போனால் யோசிக்காமல் வழிகாட்டியைக் கேளுங்கள். தட்சிணசித்ராவில் வீடே கொஞ்சம் பேசுகிறது என்பதால்தான் தனியாகச் சுற்றுவதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

நாத்தனாருக்கு நான் சொன்னது இது. அவர் வீட்டில் எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள், கூட வரப்போகும் மாமியாருக்கு நடக்கச் சிரமம். அவர்கள் காலை 10 மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். பதினொன்றரைக்கு மேல் அந்தக் கடற்கரை வெயிலும் புழுக்கமும் பெரியவர்களை வாட்டிவிடும். முதல் ஒன்றரை மணி நேரம் வழிகாட்டியோடு மூன்று வீடு, அவற்றில் ஒன்று மாமியார் பிறந்த மண்ணின் வீடாக இருக்கட்டும். அவரையே பேசவிடச் சொல்லி வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவையுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மூத்தவளைச் சக்கரத்தில் உட்காரவையுங்கள். சின்னவன் ஓடட்டும். மூன்றரைக்கு மேல் யாரும் எதுவும் விளக்க வேண்டாம். ஏதாவது ஒரு திண்ணையைப் பிடித்து உட்காருங்கள்.

கணவன் மனைவி மட்டும் போகிறீர்கள், அவசரமில்லை, இன்னொரு முறை வர வாய்ப்பும் இருக்கிறது என்றால் முதல் முறை தனியாகவே போங்கள். எந்த வீடு உங்களை நிறுத்துகிறது என்று தெரிந்துகொண்டு, அடுத்த முறை அந்த வீட்டுக்காக வழிகாட்டியை அமர்த்துங்கள். ஒரே ஒரு நாள்தான், வெளியூரில் இருந்து வருகிறோம் என்பவர்கள் வழிகாட்டியை விடவே கூடாது. பத்துப் பதினைந்து பேர் கொண்ட உறவினர் கூட்டமாகப் போனால் இரண்டாகப் பிரிந்துகொள்ளுங்கள். ஒருவர் பேச்சு ஆறு பேருக்கு மேல் எட்டாது. பின்னால் நிற்பவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் வாடகைக் காரில் குறையுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்துகள் அந்தப் பக்கமாகத்தான் போகின்றன. செவ்வாய்க்கிழமை விடுமுறை. வழிகாட்டி வேண்டும் என்று இரண்டு மூன்று நாள் முன்பே போன் செய்து சொல்லிவிடுங்கள். வாசலில் போய் நின்று கேட்டால், அன்றைக்கு நெசவு தெரிந்தவர் வேறொரு குழுவோடு போயிருக்கக்கூடும்.